எடை பார்க்கிற வரிசையிலேயே கருத்தடை பற்றியும் கேட்கலாமா?

ஒரு வாசகரின் கேள்வி, மார்ச் 3

"வளரும் நாடுகளில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவையையும் பெண்களுக்கான ஊட்டச்சத்துச் சேவையையும் ஒன்றாக இணைக்க வேண்டும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். களத்தில் இருப்பதோ ஒரே ஒரு ஊழியர். அவர் குழந்தைக்கு எடை பார்ப்பாரா, இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பாரா, கருத்தடை பற்றிப் பேசுவாரா? இரண்டையும் ஒருவர் தலையில் கட்டினால் இரண்டும் அரைகுறையாகத்தான் நடக்கும். தனித்தனியாக இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

மார்ச் 4, காலை

22 வருடம் செவிலியராக வேலை பார்த்தவள் நான். அதில் பாதிக்கு மேல் கிராமப்பக்கம். தனித்தனியாக இருப்பதே நல்லது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். அந்த எண்ணம் மாறியது ஒரு குழந்தையால்.

செவ்வாய்க்கிழமை குழந்தைகளுக்கு எடை பார்ப்போம். வியாழக்கிழமை கருத்தடைச் சேவை. ஒரே கட்டடம்தான், ஆனால் அறை வேறு, நோட்டு வேறு. ஒரு பெண்குழந்தை ஏழாம் மாதம் வந்தபோது வளர்ச்சி அட்டையில் கோடு நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. எட்டாம் மாதம் கோடு படுத்துவிட்டது. ஒன்பதாம் மாதமும் அப்படியே. பத்தாம் மாதம் கீழே இறங்கியது. அந்த மூன்று மாதமும் நான்தான் எடை பார்த்தேன். மூன்று முறையும் தாயிடம் அதையேதான் சொன்னேன்: அடிக்கடி ஊட்டு, கெட்டியாகக் கொடு, பால் கொடுப்பதை நிறுத்தாதே. அவளும் தலையாட்டிவிட்டுப் போவாள்.

பத்தாம் மாதம் எழுந்திருக்கும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே நின்றாள். அப்போதுதான் அவள் முகத்தையே பார்த்தேன். உதடு வெளுத்துக் கிடந்தது. "ஏம்மா, நாள் தள்ளிப்போயிருக்கா?" என்று கேட்டேன். "நாலு மாசம் ஆகுதுக்கா. பால் குறைஞ்சுபோச்சு, இதுவும் குடிக்க மாட்டேங்குது" என்றாள். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்றேன். "அஞ்சாம் மாசம் எடை போட வந்தப்பவே கருத்தடை ஊசி பத்திக் கேட்டேன். அது வியாழக்கிழமைன்னு சொன்னாங்க. மறுபடி வர முடியல" என்றாள்.

யார் அப்படிச் சொன்னது என்று நான் விசாரிக்கவில்லை. நானாகவே இருந்திருக்கலாம். தினமும் சொல்கிற வாக்கியம்தானே அது.

மார்ச் 4, இரவு

வேலையெல்லாம் முடிந்து உட்கார்ந்தபோது ஒரு சொல் ஞாபகம் வந்தது. சவலை. அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கியதால் பால் குறைந்து மெலிந்துபோகும் குழந்தையைச் சவலைப் பிள்ளை என்போம். நோயையும் காரணத்தையும் அந்த ஒரே சொல் சொல்லிவிடுகிறது.

மருத்துவப் புத்தகத்தில் இருக்கும் குவாஷியோர்கர் என்ற பெயரும் இதே மாதிரிதான். கால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறிப் போகும் கடுமையான ஊட்டக்குறைவு அது. 1930-களில் கோல்டு கோஸ்டில், அதாவது இன்றைய கானாவில், மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அதை விவரித்து எழுதினார். பெயரை அவர் கா மொழியிலிருந்து எடுத்தார். அடுத்த குழந்தை வரும்போது முதல் குழந்தைக்கு வரும் நோய் என்பது பொருள். பிள்ளைப்பேற்று இடைவெளியும் ஊட்டச்சத்தும் ஒரே விஷயம் என்று அந்தத் தாய்மார்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. தனித்தனி அறையில் வைத்தது நாம்தான்.

மார்ச் 6

"இது குழந்தையின் கதை, தலைப்போ பெண்களுக்கான ஊட்டச்சத்து" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரியான கேள்வி. நானும் அன்றைக்குக் குழந்தையை மட்டும்தான் பார்த்தேன், அதுதான் தப்பு. எனவே தாயின் உடம்புக்கு வருகிறேன்.

ஒரு கர்ப்பம் முழுவதற்கும் சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். சிசுவுக்கு, நஞ்சுக்கொடிக்கு, தாயின் உடம்பில் கூடும் இரத்தத்துக்கு என்று அது பிரிந்து போகிறது. நன்றாகச் சாப்பிடுகிற பெண்ணிடமே சேமிப்பில் இருப்பது சுமார் 300 மில்லிகிராம்தான். மீதியை உணவிலும் மாத்திரையிலும் இருந்து எடுக்க வேண்டும். பிரசவத்தில் கொஞ்சம் இரத்தம் போகிறது. அப்புறம் பால் கொடுக்க ஒரு நாளைக்குக் கூடுதலாக 500 கலோரி அளவுக்குத் தேவை. போலிக் அமிலச் சேமிப்பும் கரைந்திருக்கும். உடம்பு தேற நாள் எடுக்கும் என்று வீட்டில் சொல்வது இதைத்தான். தேறுவதற்குள் அடுத்தது தங்கினால் காலிப் பானையில் இருந்துதான் மறுபடி மொள்ள வேண்டும். இதைத் தாயின் உடல் வறண்டுபோகும் நிலை என்று 1960-களிலேயே மருத்துவர்கள் பெயர் வைத்து எழுதினார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. கர்ப்பிணிகளில் அது 36 சதவீதத்துக்கும் மேல். கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை என்பது அந்த மதிப்பீட்டின் கணக்கு. 7, 8 என்று வந்த பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் கடைசிப் பிரசவம் எப்போது என்று கேட்டால், பெரும்பாலும் இடுப்பில் இருக்கும் குழந்தையைக் காட்டுவார்கள்.

அதனால்தான் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே இரண்டு வருடம் இடைவெளி வேண்டும் என்கிறார்கள்.

மார்ச் 7

நேற்று எழுதியதின் கடைசி வரியைத் திருத்துகிறேன். அது தப்பு. ஊழியர்கள் பாதிப் பேர் இதே தப்பைச் சொல்கிறார்கள் என்பதால் அழிக்காமல் அப்படியே விடுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது, ஒரு குழந்தை பிறந்த பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு முயல்வதற்குமுன் குறைந்தது 24 மாதம். அதாவது பிரசவத்தில் இருந்து அடுத்த *கர்ப்பம்* வரை. அதோடு ஒன்பது மாதம் சேர்த்தால் இரண்டு பிரசவத்துக்கு நடுவே கிட்டத்தட்ட மூன்று வருடம். கருக்கலைந்த பிறகு என்றால் குறைந்தது 6 மாதம். பிரசவத்தில் இருந்து அடுத்த கர்ப்பம் வரை 18 மாதத்துக்கும் குறைவாக இருந்தால் குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் கூடுகின்றன என்று பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மார்ச் 9

"இரண்டையும் இணைத்தால் எந்த வயதில் இணைப்பது?" என்று கேட்டவருக்கு.

ஆறாம் மாதம். யோசிக்காமல் சொல்வேன்.

பிறந்து ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது ஊட்டச்சத்துக்காரர்களின் பாடம். கருத்தடைக்காரர்களிடமும் அதே பாடம் வேறு பெயரில் இருக்கிறது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கொடுக்கவில்லை, மாதவிலக்கு இன்னும் திரும்பவில்லை. மூன்றும் சேர்ந்து இருந்தால் தாய்ப்பால் கொடுப்பதே கருத்தடையாக வேலை செய்யும், 98 சதவீதத்துக்கும் மேல். 1988-இல் இத்தாலியில் பெல்லாஜியோ என்ற ஊரில் கூடிய நிபுணர்கள் இதை ஒத்துக்கொண்டு அறிவித்தார்கள். மூன்றில் ஒன்று போனாலும் அந்தப் பாதுகாப்பை நம்பக் கூடாது. இராத்திரிப் பால் நின்று இடைவெளி நீண்டாலும் அப்படித்தான்.

இப்போது ஆறாம் மாதத்தைப் பாருங்கள். அன்றைக்கு நாம் தாயைக் கூப்பிட்டு, இனி இணை உணவு ஆரம்பி என்கிறோம். சொல்வது சரிதான். ஆனால் அந்தப் பேச்சோடு சேர்ந்து அவளுடைய கருத்தடையும் முடிந்துபோகிறது. அதை அவளிடம் யாரும் சொல்வதில்லை. அது வேறு துறை. மார்ச் 4 அன்று நான் எழுதிய அந்தப் பெண், கணக்குப்படி ஆறாம் மாதத்தில்தான் கருத்தரித்திருக்கிறாள். "விலக்கே வரலியேக்கா, அதனால பயப்படல" என்றாள். விலக்கு வருவதற்கு முன்னாலேயே கருமுட்டை வந்துவிடும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

ஆகவே இணை உணவு பற்றிப் பேசுகிற ஊழியர் அதே மூச்சில் இதையும் சொல்லவேண்டும். இரண்டு வாக்கியம் போதும்.

மார்ச் 9, சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போனது. கர்ப்பம் என்று தெரிந்ததும் பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள். சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால் தொடர்ந்து கொடுக்கலாம். பால் தானாகக் குறையும், அது வேறு. சட்டென்று நிறுத்தினால்தான் குழந்தைக்கு அடி. தாய்க்கோ அப்போது இன்னும் அதிகமாகச் சாப்பாடு வேண்டும்.

மார்ச் 12

கருத்தடை முறைகளே பெண்ணின் சத்தைக் குறைக்காதா என்று கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி.

காப்பர்-டி போட்டால் பலருக்கு விலக்கின்போது இரத்தப்போக்கு கூடும், முக்கியமாக முதல் சில மாதங்களில். ஏற்கெனவே வெளுத்துப்போயிருக்கும் பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதற்காக இரத்தசோகை உள்ளவருக்குக் காப்பர்-டி கூடவே கூடாது என்று விதி எதுவும் இல்லை. போட்டுவிட்டு இரும்புச்சத்து மாத்திரையையும் கையில் கொடுத்து, திரும்ப வரச்சொல்லிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்று இரண்டு ஹார்மோனும் சேர்ந்த கலவை மாத்திரைகள் இரத்தப்போக்கைக் குறைக்கும். 28 மாத்திரை உள்ள சில அட்டைகளில் கடைசி ஏழும் இரும்பு மாத்திரையாகவே இருக்கும். இருபத்தியோராம் நாளோடு நிறுத்தி அந்த ஏழையும் குப்பையில் போட்டவர்கள் எத்தனையோ பேர், யாரும் விளக்கவில்லை என்பதால். ஆனால் பால் கொடுக்கும் தாய்க்குக் கலவை மாத்திரை முதல் ஆறு வாரம் கூடவே கூடாது, ஆறு மாதம்வரை பொதுவாகத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரை, கைத்தோலுக்குக் கீழே வைக்கும் இம்ப்ளான்ட் மாதிரி வேறு வழிகள் இருக்கின்றன.

ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பலருக்குக் கொஞ்ச நாளில் விலக்கு நின்றுவிடும், இரத்தம் மிச்சம். சிலருக்கு எடை கூடும். நிறுத்தினாலும் கருத்தரிக்கச் சில மாதம் பிடிக்கும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போட்டால், விலக்கு நின்றதும் கெட்ட இரத்தம் உள்ளேயே தங்கிவிட்டது என்று பயந்து மறு ஊசிக்கு வரமாட்டார்கள்.

ஊசி பற்றி எழுதும்போதே தோன்றியது. நான் இதுவரை எடை மேசையில் கருத்தடையைச் சேர்ப்பதைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறேன். எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஊசிக்கு வருகிற பெண் வருடத்துக்கு நான்கு முறை நம் முன்னால் உட்காருகிறாள். கர்ப்பம் இல்லாத, நன்றாக நடமாடுகிற ஒரு பெண்ணை இவ்வளவு ஒழுங்காக வேறு எந்தச் சேவை பார்க்கிறது? வெளுத்திருக்கிறதா என்று கீழிமையை இழுத்துப் பார்க்க, மெலிந்திருக்கிறாளா என்று புயத்தைச் சுற்றி நாடா வைத்து அளக்க, மாத்திரை கொடுக்க அதைவிட நல்ல சமயம் வராது. அடுத்த கர்ப்பத்துக்கான இரும்பை இப்போதே சேர்க்க முடியும். கர்ப்பத்தின் நாலாம் மாதத்தில் ஆரம்பித்தால் ஓடி ஓடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 13

ஒருவர் கேட்டதற்கு: கர்ப்ப காலத்தில் தினமும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பும் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலமும். கர்ப்பம் இல்லாத பெண்களுக்கு, இரத்தசோகை பரவலாக உள்ள இடங்களில், வாரம் ஒருமுறை 60 மில்லிகிராம் இரும்பும் 2.8 மில்லிகிராம் போலிக் அமிலமும். இது பொதுவான அளவு. ஏற்கெனவே இரத்தசோகை இருப்பவர் மருத்துவரிடம் காட்டித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 17

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, "நீங்கள் சொல்வது எல்லாம் சரி, ஆனால் என் கேள்விக்குப் பதில் இல்லை. அந்த ஒரு ஊழியருக்கு நேரம் எங்கே?" என்று எழுதியிருக்கிறார்.

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆளையும் பொருளையும் கூட்டாமல் வேலையை மட்டும் கூட்டினால் அவர் சொன்னதுதான் நடக்கும். அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் எங்களிடம் புதிதாக இரண்டு நோட்டு கொடுத்து, இனி சேவைகள் இணைந்துவிட்டன என்றார்கள். வேறு எதுவும் வரவில்லை. பேச வேண்டிய நேரத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தோம்.

ஆனால் ஒழுங்காகச் செய்த இடங்களும் உண்டு. இந்தோனேசியாவில் 1980-களில் வந்த போஸ்யாண்டு என்ற ஊர்ச் சுகாதார முகாம் மாதம் ஒருமுறை கூடும். ஐந்து மேசை. முதலில் பதிவு, இரண்டாவதில் எடை, மூன்றாவதில் அட்டையில் குறிப்பது, நான்காவதில் பேச்சு, ஐந்தாவதில் தடுப்பூசி, கருத்தடை போன்ற சேவைகள். முதல் நான்கையும் ஊர்த் தொண்டர்களே பார்த்துக்கொள்வார்கள். பயிற்சி பெற்றவர் கடைசி மேசைக்குப் போதும். ஒருவர் தலையில் எல்லாம் விழாது, தாயும் ஒரே நடையில் எல்லாம் முடித்துப் போகிறாள். எத்தியோப்பியா 2003-இல் சுகாதார விரிவாக்கத் திட்டத்தைத் தொடங்கியபோது ஊருக்கு இரண்டு பெண்களை முழுநேரச் சம்பளத்தில் போட்டது. ஊட்டச்சத்து, குடும்பக் கட்டுப்பாடு இரண்டும் அவர்கள் வேலையிலேயே உண்டு. பின்னாளில் இம்ப்ளான்ட் வைக்கவும் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

எனக்கு அதிகம் பாடம் சொன்னது வங்கதேசத்தின் மட்லப் என்ற கிராமப் பகுதி. அங்கே 1975-இல் வீடு வீடாக மாத்திரையும் ஆணுறையும் கொடுத்தார்கள். முதலில் நிறையப் பேர் வாங்கினார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். தலைசுற்றினால், இரத்தம் போனால் கேட்க ஆள் இல்லை. 1977-இல் திட்டத்தை மாற்றினார்கள். படித்த இளம் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊசி உட்படப் பல முறைகளில் அவரவர்க்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், தொந்தரவு என்றால் உடனே கவனிப்பு. தாய்சேய் நலச் சேவைகளைப் படிப்படியாகச் சேர்த்தார்கள். பயன்பாடு ஏறியது, நிலைத்தும் நின்றது. இரண்டாவது முறை போனது, "தலைசுற்றுதா, என்ன சாப்பிட்டே?" என்று கேட்கத் தெரிந்த ஆள். அந்தக் கேள்வியில் கருத்தடை எது, ஊட்டச்சத்து எது என்று பிரிக்க முடியுமா?

மார்ச் 20

இன்று வந்த ஒரு யோசனையைப் படித்துவிட்டுக் கை நடுங்கியது. "கருத்தடை ஏற்கும் பெண்களுக்கு மட்டும் ஊட்டச்சத்துப் பொட்டலம் கொடுத்தால் இரண்டும் வேகமாக நடக்குமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் வேண்டவே வேண்டாம்.

பெரு நாட்டில் 1996 முதல் 2000 வரை 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை நடந்தது. பெரும்பாலும் ஏழைகள், கெச்சுவா போன்ற பூர்வகுடி மொழி பேசுபவர்கள். ஊழியர்களுக்கு இலக்கு வைத்தார்கள். சம்மதித்தால் உணவு தருகிறோம் என்றும், மறுத்தால் உணவு உதவி நிற்கும் என்றும் தங்களிடம் சொன்னதாகப் பல பெண்கள் பின்னால் சாட்சி சொன்னார்கள்.

பசியோடு இருப்பவளிடம் சாப்பாட்டை ஒரு கையிலும் படிவத்தை இன்னொரு கையிலும் நீட்டினால் அவள் போடும் கைநாட்டு சம்மதம் ஆகாது. இரண்டு சேவையும் ஒரே இடத்தில் கிடைக்கட்டும். ஒன்று மற்றொன்றுக்கு விலையாக இருக்கக் கூடாது. கருத்தடை வேண்டாம் என்றவளுக்கும் அதே மாத்திரை, அதே பொட்டலம், அதே முகம். இலக்கு வைத்து வேலை வாங்கும் இடத்தில் இணைப்பே வேண்டாம் என்பேன். அந்த இடத்தில் மட்டும் கேள்வி கேட்டவரோடு நிற்கிறேன்.

மார்ச் 24

மாமியார் பற்றி மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். எடை பார்க்கிற இடம் கூட்டமான இடம். மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் இருப்பார்கள். அங்கே வைத்து "அடுத்த பிள்ளை எப்போ வேணும்?" என்று கேட்டால் அந்தப் பெண் தரையைத்தான் பார்ப்பாள். எடை மேசையில் இதைக் கேட்க ஆரம்பித்த முதல் இரண்டு மாதம் நான் அப்படித்தான் கேட்டேன், ஒருத்திகூட வாய் திறக்கவில்லை.

பிறகு மேசையின் கடைசியில் ஒரு துணித்திரை கட்டினோம். "குழந்தைக்குக் காது பார்க்கணும், அம்மா மட்டும் உள்ளே வாங்க" என்று கூப்பிடுவேன். காதையும் உண்மையாகவே பார்ப்பேன். உள்ளே வந்ததும் இரண்டு கேள்வி. அந்தத் திரைக்குப் பின்னால் கேட்டவற்றை எழுதினால் தனிப் புத்தகம் வரும். ஒருத்தி எதுவும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

தானே போட்டுக்கொள்ளும் ஊசி இந்த இடத்தில் பெரிய உதவி. சிறிய ஊசி, தோலுக்குக் கீழே போடுவது. மலாவியில் நடந்த ஆய்வில், ஊழியரிடம் வந்து போட்டுக்கொண்டவர்களைவிடத் தானே போட்டுக்கொண்டவர்கள் அதிக காலம் தொடர்ந்தார்கள். 2019-இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. ஆனால் மார்ச் 12 அன்று நான் எழுதிய நான்கு சந்திப்பும் இதில் போய்விடும். இதை நேற்று இரவு முழுக்க யோசித்தேன். அவளுடைய வசதிதான் முதலில். நாடாவை வேறு நாளில் சுற்றிக்கொள்ளலாம்.

மார்ச் 29

திரும்பப் படித்தால் என் குறிப்புகள் எல்லாமே கைக்குழந்தை உள்ள பெண்ணையே சுற்றுகின்றன. குழந்தை இல்லாதவள் எடை மேசைக்கு வருவதே இல்லை. புதிதாகக் கல்யாணம் ஆன பதினேழு வயதுப் பெண்ணின் உடம்பே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். அவள் கருத்தரித்தால் அவளுக்கும் சிசுவுக்கும் ஒரே தட்டில் பங்கு. முதல் கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவதே அவளுக்கான ஊட்டச்சத்துச் சேவை. கரு கலைந்து வந்தவளையும் நாம் தவறவிடுகிறோம். இரத்தம் போயிருக்கும், மனம் நொந்திருக்கும், ஆறு மாதம் பொறு என்று சொல்ல ஆள் இருக்காது. அவள் படுத்திருக்கும் கட்டிலிலேயே மாத்திரையும் பேச்சும் கிடைக்க வேண்டும்.

இதற்கு நான் எந்த மேசையும் போட்டுப் பார்த்ததில்லை. செய்தவர்கள் யாராவது எழுதுங்கள், கற்றுக்கொள்கிறேன்.

ஏப்ரல் 5

அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று இத்தனை பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. பிழைத்தாள். கோடு பழைய பாதைக்கு வர இரண்டு வயது தாண்டியது. தம்பி எடை குறைவாகத்தான் பிறந்தான், 2.1 கிலோ. தாய்க்கு ஹீமோகுளோபின் 8-ல் இருந்து மேலே வர ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. தம்பி பிறந்த ஆறாம் வாரம் அவள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஊசி வேண்டும் என்றாள். பெட்டியை வியாழக்கிழமை அறையில் இருந்து எடுத்துக்கொண்டு வந்து அங்கேயே போட்டேன். மேலதிகாரியிடம் அதற்குப் பேச்சு வாங்கினேன்.

நேரம் எங்கே என்றவருக்கு: நான் கேட்ட இரண்டு கேள்வி இவைதான். "விலக்கு திரும்ப வந்துவிட்டதா?" "இன்னும் இரண்டு வருடத்துக்குள் குழந்தை வேண்டுமா?" வளர்ச்சி அட்டையின் பின்பக்கம் ஓரமாக இரண்டு சிறு குறி. பலருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நீண்ட பேச்சு தேவைப்படுபவர்கள் சிலர்தான், அவர்களைக் கடைசியில் உட்கார வைத்துக்கொள்வேன். கருத்தடைப் பெட்டியும் இரும்பு மாத்திரையும் மட்டும் அன்றைக்கு அதே அறையில் இருக்க வேண்டும்.